தண்ணீர்மலையில் ஒரு குளிர்காலம்

முதலில் காணாமல் போனது அதிராவின் சிவப்பு ஸ்வெட்டர்.

பினாங்கில் எதைத் திருடினாலும் வாங்க ஆள் கிடைக்கும். ஸ்வெட்டருக்கு மட்டும் கிடைக்காது. வெளியே காலடி வைத்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் ஊரில் ஸ்வெட்டர் திருடுகிறவனைப் பிடித்தால் லாக்கப்புக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும். ஆனாலும் அது போய்விட்டிருந்தது. படுக்கப் போகும் முன் மகள் அதைக் கழற்றி, கணப்புக்கு முன்னாலிருந்த நாற்காலியின் முதுகில் மாட்டியதை மோகனா தன் கண்ணால் பார்த்தாள். காலையில் நாற்காலி இருந்தது. அதன் முதுகில், யாரோ விரலால் தடவிப் பார்த்ததுபோல, நீளமாக ஒரு கரிக்கோடு இருந்தது. ஸ்வெட்டர் இல்லை.

"குரங்கு எடுத்திருக்கும்" என்றார் அவள் கணவர் லோகேஸ்வரன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். "தண்ணீர்மலைக் கோயில் குரங்குங்க சாமி தேங்காயவே விடாது. ஸ்வெட்டர விடுமா?"

"ஜன்னலே திறக்க முடியாத வீட்ல குரங்கு எந்த வழியாங்க வரும்?"

லோகேஸ்வரன் பக்கத்தைப் புரட்டினார். மோகனாவின் கேள்விகளுக்கு அந்த வீட்டில் பதில் இல்லாமல் போவது புதிதல்ல, ஸ்வெட்டர்தான் புதிது.

லோகேஸ்வரன் இங்கிலாந்தில் மூன்று வருடம் சட்டம் படித்தவர். அந்த மூன்று வருடத்தை முப்பது வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தீபாவளி விருந்தில் இட்லியை முள்கரண்டியால் வெட்டுவார். மழை பிடித்தால், "லண்டன்ல இத மழைன்னே சொல்ல மாட்டாங்க" என்பார். அவருக்கு ஒரே ஒரு குறை, இந்த நாட்டில் குளிர்காலம் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் மலையடிவாரத்தில், எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் தோட்டதுரை தன் ஊர் ஏக்கத்தில் கட்டிய இந்தப் பங்களாவை வாங்கினார். கூடத்தின் நடுச்சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கணப்பு, அதன்மேல் கூரையைத் தாண்டிப் போகும் புகைக்கூண்டு. கணப்பின் வாயைப் பிறகு வந்தவர் யாரோ செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். "டேஸ்ட் இல்லாதவனுங்க" என்றார் லோகேஸ்வரன். அடைத்தவர்களுக்குக் காரணம் என்று ஒன்று இருந்திருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. மோகனாவுக்குத் தோன்றியது. சொன்னாள். சொன்னதோடு சரி.

செங்கல்லை உடைத்த கண்ட்ராக்டர் இக்மல், டார்ச்சோடு தலையையும் ஒரு தோளையும் புகைக்கூண்டுக்குள் விட்டுப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, தோட்டக் குழாயில் வெகுநேரம் கை கழுவினான். மேலே வளைவில் ஏதோ அடைத்திருக்கிறது, ஆள் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். மோகனா அனுப்பிய ஒவ்வொரு மெசேஜுக்கும் இரண்டு நீலக் குறி விழும். படித்துவிட்டான் என்று அர்த்தம். வரமாட்டான் என்றும் அர்த்தம்.

குளிர் நாட்டில் பிறக்காத மோகனா குளிர் நாட்டுக்காரர்கள் கணப்பை எப்படி எரிக்கிறார்கள் என்று உட்கார்ந்து படித்தாள், வீடியோ பார்த்தாள். அவளுக்கு அது பொழுதுபோக்கல்ல. அதிராவுக்கு ஆறு வயது, இழுப்பு உண்டு. புகை பட்டால் நெஞ்சு விசிலடிக்கும். பம்ப்பை வாயில் வைத்து இரண்டு முறை அழுத்தினால்தான் குழந்தை குழந்தையாகத் திரும்பி வரும்.

"புகைக்கூண்ட கிளீன் பண்ணாம நெருப்பு வைக்கக் கூடாதுங்க."

"அதுல அப்படி என்ன இருக்கு? குருவிக்கூடா இருக்கும். சூட்டுல தானா விழுந்துடும்."

"உள்ள புகை வழிய மூடுற ஒரு இரும்புத் தகடு இருக்குல்ல, டேம்பர், அது முழுசா திறந்திருக்கணும். கங்கு அணையுற வரைக்கும் மூடவே கூடாது. புகை மேல போகணும்னா வீட்டுக்குள்ள காத்து வரணும். ஒரு ஜன்னலாச்சும் திறந்து வைக்கணும்."

லோகேஸ்வரன் அவளைக் கோர்ட்டில் சாட்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஏர்கோன போட்டுட்டு யாராச்சும் ஜன்னலத் திறப்பாங்களா? யோசிச்சுப் பேசு மோகனா."

அந்த வீட்டின் நியாயம் அதுதான். நெருப்பு மூட்டினால் வேர்க்கும், வேர்க்காமலிருக்க ஏர்கோன், ஏர்கோன் குளிர் வெளியே போகாமலிருக்க ஜன்னல்களுக்கெல்லாம் ரப்பர் பசை, உள்ளே குளிர்வதால் ஸ்வெட்டர், ஸ்வெட்டர் போட்டபிறகு நெருப்பு. விஷவாயு வந்தால் கத்துகிற ஒரு வெள்ளை டப்பாவையும் மோகனா வரவழைத்துச் சுவரில் மாட்டினாள். முதல் நாளே அது கத்தியது. லோகேஸ்வரன் பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டுக்கொண்டார்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். பால் காய்ச்சியதைத்தான் மறக்க முடியவில்லை.

குடிபுகும் நாளில் பாலை அடுப்படியில் காய்ச்சுவதுதான் முறை. "எதுக்கு ரெண்டு வேலை? பால் காய்ச்சுனதும் ஆச்சு, ஃபயர்பிளேஸ் ஓப்பனிங்கும் ஆச்சு" என்று லோகேஸ்வரன் பானை வைக்கும் இரும்பு முக்காலியைக் கணப்புக்குள் வைத்துவிட்டார். பாகான் டாலாமிலிருந்து வந்த அவருடைய அக்கா வள்ளியம்மா, எதைச் செய்தாலும் சத்தமாகச் செய்கிறவர், வெள்ளிச் செம்பில் முதல் பாலை எடுத்துக் கணப்பின் முன்னால் வைத்து, கூடம் அதிரக் கூப்பிட்டார்:

"இந்த வீட்ல இருக்கிறவங்க எல்லாரும் வாங்க. வந்து வயிறு குளிரக் குடிங்க."

வழக்கமாகச் சொல்கிற வார்த்தைதான். வள்ளியம்மா சொன்னது நின்றுகொண்டிருந்த ஐந்தாறு பேரைத்தான். ஆனால் அந்த நேரம் பானையில் மிச்சப் பால் பொங்கி, விளிம்பைத் தாண்டி, நுரையாய் வழிந்ததை மோகனா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுகூட விறகில் விழவில்லை. சுர்ரென்ற சத்தம் வரவில்லை. நெருப்பு நிமிர்ந்து எரியாமல், மேலேயிருந்து யாரோ மூச்சு விட்டதுபோல், கூடத்துப் பக்கமாகச் சாய்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். செம்பில் வைத்த பால், திரும்பிப் பார்த்தபோது இல்லை.

"பூனை" என்றார் லோகேஸ்வரன்.

அந்த வீட்டில் பூனையும் இல்லை.

அதற்குப் பிறகுதான் சத்தம். மழை பெய்யும் சாயங்காலங்களில், நெருப்பு இல்லாதபோதும், புகைக்கூண்டின் வளைவுக்கு மேலிருந்து மெல்லிசாக, விட்டுவிட்டு ஒரு சத்தம். டக டக டக. லோகேஸ்வரன் குருவி என்றார். மோகனா ஒருநாள் அதிராவைக் குளிப்பாட்டித் துவட்டும்போது, தண்ணீர் கொஞ்சம் சில்லென்றிருந்ததால் குழந்தையின் பல் தந்தியடித்தது. டக டக டக. மோகனாவின் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றுவிட்டது.

ஸ்வெட்டரைத் தேடி அவள் அலமாரிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்ததை அதிரா வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"அத தேடாதம்மா. நான்தான் குடுத்தேன்."

"யாருக்குடா?"

"மேல இருக்குற பாப்பாவுக்கு. அதுக்கு ரொம்பக் குளிருதாம்."

"மேலன்னா? மாடியிலயா?"

அதிரா சிரித்தாள். பெரியவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டியிருக்கிறதே என்கிற சிரிப்பு. "புகை போற எடத்துலம்மா. என் சாக்ஸும் கேட்டுச்சு. அப்புறம் என்னைய கேட்டுச்சு. அம்மா திட்டுவாங்கன்னு சொல்லிட்டேன்."

மோகனா இதைக் கணவரிடம் ஒரு எழுத்து விடாமல் சொன்னாள். அவர் கேட்டு முடித்துப் பெருமையாகத் தலையாட்டினார். "இமேஜினேஷன். அந்த ஸ்கூல்ல சேர்த்ததுக்கு ஃபீஸ் வீண் போகல."

மறுவாரமே அதே சிவப்பில், அதே அளவில், நெஞ்சில் அதே மான் போட்ட இன்னொரு ஸ்வெட்டரை வரவழைத்துக் கொடுத்தார். வித்தியாசம் மோகனாவுக்கு மட்டும்தான் தெரியும். பழையதில் மானின் ஒரு கண் பொத்தான் முதல் துவையலிலேயே தெறித்துப் போயிற்று. லோகேஸ்வரனின் பழைய சட்டையிலிருந்து நாலு ஓட்டை வெள்ளைப் பொத்தானை வெட்டி அவள்தான் அங்கே தைத்தாள். ஒரு கண் கறுப்பு, ஒரு கண் வெள்ளை. புதியதில் இரண்டும் கறுப்பு.

டிசம்பர் கடைசி ஞாயிறு 'விண்டர் ஈவ்னிங்' வைத்தார் லோகேஸ்வரன்.

விருந்தாளிகள் கார்களை விட்டு இறங்கும்போதே வேர்த்துக்கொண்டு, கையில் ஸ்வெட்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார்கள். வாசலைத் தாண்டியதும் அவசரமாகப் போட்டுக்கொண்டார்கள். லோகேஸ்வரனின் வக்கீல் பார்ட்னர் ஹென்றி, கழுத்தில் கம்பளிப் பட்டையைச் சுற்றிக்கொண்டு, "என்னா குளிரு மேன்" என்று உள்ளங்கைகளைத் தேய்த்தார். ஏர்கோன் பதினாறில் உறுமிக்கொண்டிருந்தது. தாசேக் கெலுகோரிலிருந்து வந்த ரப்பர் விறகு, இரண்டு நாள் மழையில் நனைந்தது, கணப்பில் சீறிக்கொண்டும் நுரை கக்கிக்கொண்டும் எரிந்தது. வள்ளியம்மா மட்டும் ஸ்வெட்டர் போட மறுத்து, சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நெருப்புக்குப் பக்கத்து சோபாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, இந்த ஏர்கோன அமத்திட்டா நெருப்பே வேணாமே?"

"அக்கா, இது ஆம்பியன்ஸ்."

"அது என்னா கருமமோ. எனக்குக் கால் வலிக்குது."

மோகனா ஜன்னலோரம் போய், காலையில் கத்தியால் பசையைக் கொஞ்சம் கீறிவைத்திருந்த இடத்தைத் தள்ளினாள். விரற்கடை அளவு திறந்தது. மழை வாசமும் தவளைச் சத்தமும் வெதுவெதுப்பான காற்றும் உள்ளே வந்தன.

"மோகனா." லோகேஸ்வரன் எல்லார் காதிலும் விழும்படி சிரித்தார். "நம்ம ஊரு ஹியூமிடிட்டிய உள்ள கூப்பிடாதம்மா. இவ பாருங்க ஹென்றி, யூடியூப் பாத்துட்டு ஃபயர் ஆபீசர் ஆயிட்டா."

சிரிப்பு. அவரே எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினார். மோகனா நெருப்பின் பக்கம் திரும்பினாள். இத்தனை பேர் படித்தவர்கள். ஒருவருக்குமா தலை வலிக்கவில்லை? ஒருவர் கண்ணிலுமா அந்த நெருப்பு படவில்லை? அது மேல்நோக்கி எரியவில்லை. வாய் திறந்து கூடத்துக்குள் சாய்ந்து, நாக்கை நீட்டி நீட்டி, உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களை எண்ணிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால், இருட்டில், தீய்ந்த பால் வாசம். அதற்கும் மேலே, பேச்சுச் சத்தத்தின் இடுக்கில்,

டக டக டக.

அதிரா நெருப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. மோகனா அவள் கையைப் பிடித்து இழுத்தபோது நெஞ்சுக்குள்ளிருந்து அந்த விசில், மெல்லிசாக, கேட்டது.

"என்னங்க, புள்ளைக்கு இழுக்குது. நெருப்ப அணைங்க."

"ஸ்பீச் முடியட்டும், ஃபைவ் மினிட்ஸ். நீ போயி பம்ப்ப எடுத்துட்டு வா."

"அதிராவையும் கூட்டிட்டுப் போறேன்."

"விடு மோகனா, நான் வச்சுக்கறேன்" என்றார் வள்ளியம்மா, குழந்தையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு. குரல் கொழகொழத்திருந்தது, தூக்கம் வந்தவர்போல. "ஓடிப் போயி எடுத்துட்டு வா."

ஓடினாள். பம்ப் எப்போதும் படுக்கையறை இழுப்பறையில் இருக்கும். இல்லை. பள்ளிக்கூடப் பையில் இல்லை. கட்டிலுக்கடியில் இல்லை. வேண்டும்போது எதுதான் இந்த வீட்டில் இருந்தது? குளியலறை மாடத்தில், பல் துலக்கும் குவளைக்குப் பின்னால் இருந்தது, பிடியில் கரி. சின்ன விரல்களின் கரி. கூடத்திலிருந்து லோகேஸ்வரனின் குரல் வந்தது, குளிர்காலம் மனிதனைப் பண்படுத்துவதைப் பற்றி. பிறகு சடசடவென்று எதுவோ உதிரும் சத்தம், யாரோ "ஐயோ, வைன்ல விழுந்துடுச்சு" என்பது, பலர் இருமுவது. பிறகு இரும்பின்மேல் இரும்பு மோதும் சத்தம். டங்.

டேம்பரை மூடிவிட்டார்.

கரி விழுகிறதென்று, விருந்தாளிகளின் ஸ்வெட்டர் பாழாகிறதென்று, எரிகிற நெருப்பின் தலையில் மூடியைப் போட்டுவிட்டார்.

மோகனா நடைக்கு வருவதற்குள் மலைமேல் இடி விழுந்தது. வீட்டின் விளக்கெல்லாம் போயிற்று. ஏர்கோன் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

"என்னங்க?"

யாரும் கத்தவில்லை. கரண்டு போனால் எவனாவது ஒருவன் கத்துவான், ஒருவன் ஹென்ட்போன் விளக்கைப் போடுவான். எதுவும் இல்லை. கூடத்து வாசலில் புகை அவள் முகத்தில் ஈரத்துணிபோல் விழுந்தது. கணப்பில் கங்கு மட்டும். அந்தச் சிவப்பில் அவர்கள் தெரிந்தார்கள். சோபாக்களில், நாற்காலிகளில், ஒழுங்காக. ஹென்றியின் தலை கம்பளிப் பட்டைக்குள் சரிந்திருந்தது. லோகேஸ்வரன் கணப்பின்மேல் ஒரு முழங்கையை ஊன்றி, கையில் கிளாஸோடு, பேச்சின் நடுவில் ஒரு சொல்லைத் தேடுகிறவர்போல் கண்மூடிச் சாய்ந்திருந்தார். எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. கடைசியில் குளிர்காலம் வந்துவிட்டதுபோல.

"அண்ணி. அண்ணி, அதிரா எங்க?"

வள்ளியம்மாவின் மடி காலி.

மோகனா தரையில் விழுந்து தவழ்ந்தாள். கண் எரிந்தது. தலைக்குள் யாரோ சுத்தியல் அடித்தார்கள். கம்பளம். யாருடைய செருப்போ. விறகு. சாம்பல். பிறகு கணப்பின் வாயருகே, சுருண்டு கிடந்த ஒரு சின்ன முதுகு. கம்பளி. மான்.

வாரி எடுத்தாள். சின்னக் கைகள் உடனே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. உயிர் இருக்கிறது. முருகா, உயிர் இருக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு, தோட்டத்துக் கண்ணாடிக் கதவுக்கு ஓடி, தோளால் இடித்துத் திறந்து, மழைக்குள் விழுந்தாள். கதவு பின்னால் தானாகவே சாத்திக்கொண்டது. குளிர் வெளியே போகக் கூடாதென்று லோகேஸ்வரன் போட்ட கதவு. கிளிக்.

மழை வெதுவெதுப்பாக இருந்தது. பினாங்கு மழை. மோகனா இருமினாள், வாந்தி எடுத்தாள், மறுபடி மூச்சை இழுத்தாள். பம்ப் இன்னும் வலக்கைக்குள் இருந்தது.

"அதிராம்மா. வாயத் திற. ஒண்ணும் இல்லடா, வெளிய வந்துட்டோம். அம்மா இருக்கேன்."

பிள்ளை முகத்தை அவள் கழுத்தில் புதைத்துக்கொண்டு திறக்கவில்லை. விசில் சத்தம் இல்லை. மூச்சுச் சத்தமே இல்லை. உடம்பு சில்லென்றிருந்தது. மழையில் நனைந்த சில்லிப்பு இல்லை. கிணற்றுச் சுவரின் சில்லிப்பு. பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது, அவள் காதுக்குப் பக்கத்தில்.

டக டக டக.

முதுகைத் தேய்த்துவிட்டாள். நெஞ்சைத் தேய்த்துவிட்டாள். கட்டைவிரலில் ஏதோ இடறியது. மானின் கண். வட்டமாக, வழவழப்பாக.

நாலு ஓட்டை.

மோகனாவின் கை நின்றது.

பின்னால் தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக. உள்ளங்கையால் தட்டுவதுபோல.

திரும்பினாள். கண்ணாடிக் கதவு முழுக்கப் பனி படர்ந்திருந்தது. இந்த ஊரில் பனி வெளிப்பக்கம்தான் படரும். உள்ளே அவ்வளவு குளிர். பம்ப் பிடித்த கையாலேயே துடைத்தாள். துடைத்த இடத்தில், மின்னல் வெட்டியபோது, அதிரா.

புது ஸ்வெட்டர். இரண்டு கறுப்புக் கண் மான். கண்ணாடியில் ஒட்டிய சின்ன உள்ளங்கை. வாய் திறந்து திறந்து மூடியது. அம்மா என்று இரண்டு முறை. பிறகு வார்த்தை இல்லை, காற்றுக்காக மட்டும்.

மோகனா கதவை இழுத்தாள். உதைத்தாள். குத்தினாள். உள்ளிருந்து மட்டும் திறக்கிற கதவு. கல். ஒரு பூந்தொட்டி. ஏதாவது. குனிய முடியவில்லை. கழுத்தைக் கட்டியிருந்த கைகள் இறுகின. இடுப்பைச் சுற்றிக் கால்கள் இறுகின. கண்ணாடியில் பனி ஓரங்களிலிருந்து மெல்ல மூடிக்கொண்டு வந்தது. மகளின் கை போயிற்று, தோள் போயிற்று, முகம் மட்டும் மிச்சமிருந்தது.

துடைக்கக் கையைத் தூக்கினாள்.

அந்தக் கையை இரண்டு சின்னக் கைகள் பிடித்தன. அவசரமில்லாமல் விரல்களைப் பிரித்தன. பம்ப் புல்லில் விழுந்தது. அவளுடைய உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, பல் தந்தியடிப்பதை நிறுத்தி, அது குளிர்காயத் தொடங்கியது.